ஒரே பக்கத்தில் இரண்டு கப்பல்

"நீங்க ஏன் மேசையத் தட்டுறீங்க ஆலிமா?" என்று கேட்டுக்கொண்டே இசைவாணி டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகளிடம் காலையில் நான் பாடம் கேட்கும் மாடி அறை அது. பிள்ளைகள் அப்போதுதான் கலைந்து இறங்கிப் போயிருந்தார்கள். மார்க்கக் கல்வி முடித்தவள் என்பதால் பள்ளியில் எல்லோருக்கும் நான் ஆலிமா. டீச்சர் கீழே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். ஒரே பள்ளியில் இருந்தும், எதிரே வரும்போது ஒருவருக்கொருவர் சிரித்துவிட்டுப் போவதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை.

"எப்ப டீச்சர் தட்டுனேன்?"

"தெனமுந்தான். நான் சீக்கிரமா வந்து கீழ உக்காந்திருந்தா மேலேருந்து டொக்கு டொக்குன்னு கேக்குது. கோவம் வந்தா தட்டுவீங்களோ?"

"கோவமெல்லாம் இல்ல. பிள்ள ஓதுறப்ப தப்பு வந்தா தட்டுவேன்."

"தட்டிட்டு என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவளே கொஞ்சம் பின்னாடி போயி மறுபடியும் ஓதி, எங்க தப்புன்னு புடிச்சுக்குவா. திரும்பத் திரும்பத் தட்டியும் வரலன்னாதான் சொல்லுவோம்."

"முதல்லயே சொல்லிட்டா வேல முடிஞ்சுதே."

"சொல்லிக் குடுத்தா அடுத்த நாளும் அதே எடத்துல விழுவா டீச்சர். அவளா கண்டுபுடிச்சா அந்த எடம் மறக்காது."

டீச்சர் உள்ளே வந்து பிள்ளைகள் உட்காரும் பாயிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "நான் பதினெட்டு வருஷமா சொல்லிச் சொல்லித்தான் தொண்டையக் கெடுத்துக்கிட்டேன்" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். என்னிடம் ஓதும் பத்தாம் வகுப்பு சுபைதா அரையாண்டுத் தேர்வில் எழுதிய கணக்குத் தாள்.

"எனக்குக் கணக்கு அவ்வளவா வராது டீச்சர்."

"கணக்கு பாக்க வேணாம். கேள்விய மட்டும் படிங்க. அப்பறம் அவ எழுதுனதப் படிங்க."

படித்தேன். ஒரு கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் கடலில் இரண்டு கப்பல்கள் தெரிகின்றன. இரண்டும் விளக்கத்தின் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே தூரம் என்ன? இதுதான் கேள்வி. சுபைதாவோ ஒரு கப்பலை இந்தப் பக்கமும் மற்றொன்றை அந்தப் பக்கமுமாக வரைந்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் விடை எழுதியிருந்தாள்.

"இவ எதிரெதிர் பக்கத்துல நிறுத்தியிருக்காளே."

"அது புக்குல இருக்குற கணக்கு. ஒரு புள்ளி மாறாம அப்படியே எழுதியிருக்கா. நம்பர்கூட புக்கு நம்பரு. கேள்வி பாதி படிச்சதுமே அவ அங்க போயிட்டா. எழுதுனது அத்தனையும் சரி. ஆனா கேக்காத கணக்கு. எப்படி மார்க் போடுறது, சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன ஆலிமா, நான் அழுவுறேன், நீங்க சிரிக்கிறீங்க."

"இன்னிக்குக் காலைலயும் இதையேதான் செஞ்சா டீச்சர். அன்ஆம்னு ஒரு ஸூரா, அதாவது அத்தியாயம். அதுல ஓத ஆரம்பிச்சா, பனூ இஸ்ராயீல் ஸூராவுல போயி நின்னா. குர்ஆன்ல ஒண்ணுபோல வர்ற வசனங்க நெறய இருக்கு. பாதி வரைக்கும் ஒரே வார்த்தையா போவும், அப்பறம் பிரியும். அந்த எடத்துல கவனம் தப்புனா ரயிலு வேற தண்டவாளத்துக்குப் போன மாதிரி அந்த ஸூராவுக்குப் போயிடுவாங்க. அங்கேருந்து தப்பே இல்லாம ஓதிக்கிட்டே போவாங்க. அவுங்களுக்கே தெரியாது."

"அதுக்கு என்ன செய்வீங்க?"

"ரெண்டு வசனத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓதச் சொல்லி, எங்க பிரியுதுன்னு பாக்கச் சொல்லுவோம்."

டீச்சர் விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, ஏன் பிரியுது?" என்றார்.

யாரும் என்னிடம் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. அன்று காலை சுபைதா தடுமாறிய வசனத்தையே சொன்னேன். வறுமையினால் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று ஓர் இடத்தில் வருகிறது. வறுமை ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. அதனால் 'உங்களுக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம்' என்று பெற்றவர்களை முதலில் சொல்கிறது. இன்னோர் இடத்தில், வறுமை வந்துவிடுமோ என்ற பயத்தில் கொல்லாதீர்கள் என்று வருகிறது. இன்று சோறு இருக்கிறது, நாளை பிள்ளைக்கு இருக்குமா என்ற பயம். அதனால் அங்கே 'அவர்களுக்கும் உங்களுக்கும்' என்று பிள்ளைகள் முதலில் வருகிறார்கள். விளக்கவுரைகளில் இப்படித்தான் படித்திருக்கிறேன் என்றேன்.

"இது சுபைதாவுக்குத் தெரியுமா?"

"இல்ல டீச்சர். மனனம் பண்றப்ப அர்த்தத்துக்குப் போறதில்ல. அது பின்னாடி வர்ற படிப்பு."

"சொல்லிப் பாருங்க. காரணம் தெரிஞ்சவ சறுக்க மாட்டா. நானும் கீழ அதையே செஞ்சு பாக்குறேன்." எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நாளைக்கு வந்து பின்னாடி உக்காந்துக்கட்டுமா? வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

அந்த விடைத்தாளுக்குப் பின்னால் இருந்த சங்கதியைச் சொல்ல வேண்டும்.

பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கான எங்கள் மேல்நிலைப் பள்ளியில் பள்ளிப்பாடமும் மார்க்கப் படிப்பும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்துதான் நடந்துவருகின்றன. ஆனால் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்யும் ஹிப்ளுப் படிப்பு மட்டும் தனியாக இருந்தது. அதற்குப் போகும் பெண் பள்ளியை விட்டுவிட வேண்டும். முடித்துத் திரும்பும்போது வயது தாண்டியிருக்கும். கல்யாணப் பேச்சு வந்திருக்கும். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொடுக்க வேண்டும் என்று பள்ளி ஒரு கூட்டுப் படிப்புப் பிரிவைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை பாதி நாள் ஹிப்ளு, பாதி நாள் பள்ளிப்பாடம். ஒன்பதிலிருந்து காலையில் மட்டும் ஹிப்ளு, மற்ற நேரம் எல்லாரோடும் சேர்ந்து பாடம். அப்படிப் பத்தாம் வகுப்புவரை வந்த முதல் ஐந்து பெண்களில் ஒருத்தி சுபைதா.

அரையாண்டுத் தேர்வில் ஐந்து பேரில் நான்கு பேர் கணக்கில் தவறினார்கள். எங்கள் தாளாளர் ஹாஜியார் கெட்டவர் இல்லை. பள்ளியின் வாசலில் 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என்று எழுதிய பலகைக்கு வருடாவருடம் அவரே நின்று வண்ணம் பூசவைப்பார். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வெளிநாட்டில் இருக்கும் தகப்பன்மார்கள் பிள்ளைகளை இங்கே சேர்க்கிறார்கள் என்பது அவர் கவலை. ஆசிரியர் கூட்டத்தில் அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பரீட்சை முடியும்வரை இந்தப் பெண்கள் ஹிப்ளுவை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பள்ளியின் பெயரில் எழுதாமல் தனித்தேர்வர்களாக எழுதட்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மனனம் செய்தது அன்றாடம் ஓதாவிட்டால் கையிலிருந்து மணல் போவதுபோலப் போய்விடும். மூன்று மாதம் விட்ட பிள்ளை திரும்ப வரமாட்டாள். தனித்தேர்வராகப் போனால் என்ன ஆகும் என்பது டீச்சருக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கு வராத பெண் பரீட்சைக்கும் வரமாட்டாள்.

"ரெண்டும் வேணாம் ஹாஜியார்" என்றார் இசைவாணி டீச்சர். "அவுங்க ஓதட்டும். நம்ம பேருலயே எழுதட்டும்."

"விழுந்துட்டா?"

"விழுந்துட்டா அடுத்த வருஷம் பத்தாவத நான் எடுக்கல. ஆறாவது குடுங்க, பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருக்குறேன்."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சரம்மா, பந்தயம் கட்டுறது எங்க மார்க்கத்துல ஹராமு."

"உங்களுக்குத்தான ஹாஜியார். எனக்கு இல்லையே."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். முதல் திருப்புதல் தேர்வு வரைக்கும் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாள்தான் டீச்சர் மாடியேறி என்னிடம் வந்தது.

இசைவாணி டீச்சருக்கு ஊர் கிள்ளை. அப்பா சிங்காரம் உப்பங்கழியில் வலை வீசியவர். அம்மா தைலம்மாள் இறால் கூடையோடு வெள்ளாற்றைத் தாண்டி வந்து பரங்கிப்பேட்டைத் தெருக்களில் விற்றவர். அவர்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் டீச்சர்தான். சிதம்பரத்தில் கணிதம் படித்து, பி.எட். முடித்து, வேலை தேடியபோது எங்கள் பள்ளியில் இடம் இருந்தது. அம்மாவுக்கு முதலில் யோசனையாக இருந்ததாம்.

"பாய்மாருங்க பள்ளிக்கூடத்துல போயி மத்தியானம் என்னாடி சாப்புடுவ?" என்று கேட்டிருக்கிறார்.

"சோறுதாம்மா. நீ எறா வித்த வீட்டுப் பிள்ளைங்கதான் எல்லாம்."

"அப்ப சரி. காசு பாக்கி வெக்காத சனங்க."

அன்றிலிருந்து கிள்ளையில் பாசஞ்சர் ரயிலேறி, பாலத்தைத் தாண்டி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிறார். எங்கள் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு வேலைநாள். அவர் கணவருக்கு சிப்காட்டில் வேலை. அவருக்கு ஞாயிறுதான் ஓய்வு. கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து வீட்டில் இருந்த விடுமுறை பண்டிகை நாட்கள் மட்டும்தான் என்று டீச்சர் சொல்வார். "அதனாலதான் இன்னும் சண்ட வரல" என்பார்.

ஒருமுறை பள்ளியைப் பார்க்க வந்த ஓர் அதிகாரி, ஆசிரியர் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "இசைவாணி... இங்க பாட்டு டீச்சரும் இருக்காங்களா?" என்று ஹாஜியாரிடம் கேட்டாராம். ஹாஜியார் பதறிப்போக, டீச்சர் முந்திக்கொண்டு, "நான் கணக்கு சார். பாடுனா பிள்ளைங்க ஓடிடும்" என்றாராம். இதை ஹாஜியாரே ஆண்டுவிழாவில் மேடையேறிச் சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் மாதத்துக்கு மாதம் தொழுகை நேரம் நகரும், வருடத்துக்கு வருடம் நோன்பு மாதம் முன்னுக்கு வரும். அதற்கேற்பப் பாடவேளை அட்டவணையை மாற்றிப் போடுவது பல வருடமாக டீச்சர் வேலை. பிறை எந்த நாள் தெரியக்கூடும் என்று புதிதாக வரும் ஆசிரியைகள் அவரிடம்தான் கேட்பார்கள். முதல் வருடம் பிள்ளைகள் சலாம் சொன்னால் வணக்கம் சொன்னவர், இப்போது பதில் சலாமை நீட்டி முழக்கிச் சொல்கிறார். "முழுசா சொல்லு, பாதில முழுங்காத" என்று பிள்ளைகளைத் திருத்தவும் செய்கிறார்.

சொன்னபடி மறுநாள் காலை வந்து பாயின் கடைசியில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. சுபைதா என் முன் உட்கார்ந்து ஓதினாள். தட்டினேன். பின்னால் போய் ஓதினாள். மறுபடி தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி போனாள். பிடித்துவிட்டாள். அப்போது பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. ஓதி முடித்ததும் நான் அந்த இரண்டு வசனங்களின் காரணத்தைச் சொன்னேன். சுபைதா, "இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா ஆலிமா?" என்றாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்திருப்பார்.

அந்த வாரமே கீழே பத்தாம் வகுப்பில் சாக்பீஸால் மேசையைத் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஐந்து பெண்களையும் கடைசி வேளையில் தனியாக உட்காரவைத்து அவர் செய்த முதல் காரியம், ஒன்றுபோல இருக்கும் கணக்குகளை ஜோடி ஜோடியாகக் கரும்பலகையில் எழுதியதுதான். இடது பக்கம் எதிரெதிர்ப் பக்கத்துக் கப்பல்கள், வலது பக்கம் ஒரே பக்கத்துக் கப்பல்கள்.

"எதையும் போடாதீங்க. எங்க பிரியுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"'ஒரே பக்கத்தில்'ங்குற எடத்துல டீச்சர்."

"ஏன் பிரியுது? பிரிஞ்சா என்ன மாறும்?"

சுபைதா எழுந்தாள். "டீச்சர், ரெண்டு கப்பலும் ஒரே பக்கம் நின்னா மோதிக்காதா?"

"மோதிக்காது. ஒண்ணு கிட்ட நிக்குது, ஒண்ணு தூர நிக்குது. நீ விளக்கு மேல நிக்குற. எது எவ்வளவு தூரம்னு உனக்குத் தெரியும். நடுவுல எவ்வளவுன்னு கேட்டா?"

"தூரத்துலேருந்து கிட்டக்க உள்ளதக் கழிக்கணும்."

"ரெண்டும் ரெண்டு பக்கம் நின்னா?"

"கூட்டணும்." சொல்லிவிட்டு அவளே வாயில் கைவைத்துக்கொண்டாள். "அல்லாவே, அதத்தான் நான் கூட்டிட்டேன்."

டீச்சர் அடுத்த ஜோடியை எழுதினார். கூட்டுத் தொடர்வரிசையும் பெருக்குத் தொடர்வரிசையும். அடுத்து கூம்பும் உருளையும். படிப்பதில் இந்தப் பெண்களுக்கு ஒரு பலம் இருந்தது. நுணுக்கமாக ஒரு வார்த்தை மாறினாலும் பிடிக்கும் காது. சின்ன வயதிலிருந்து அதற்கே பழகியவர்கள். கணக்கில் அந்தக் காது மூடிக்கொள்ள, மனப்பாடம் மட்டும் அவர்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. அதை அவர்கள் பக்கம் திருப்பியவர் டீச்சர். மனப்பாடம் செய்யாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "மனப்பாடம் பண்ணு. ஆனா ஏன்னு தெரிஞ்சு பண்ணு" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை நான் மாடிக்கு எடுத்துப் போனேன். இப்போது என் வகுப்பிலும் ஒன்றுபோன்ற வசனங்கள் வரும்போது காரணம் சொல்லாமல் நான் நகர்வதில்லை.

இவ்வளவு நடந்தும் முதல் திருப்புதல் தேர்வில் சுபைதா தவறினாள். மற்ற நான்கு பேரும் தேறிவிட்டார்கள், அவள் மட்டும் சில மதிப்பெண்ணில் நின்றுவிட்டாள். மறுநாளே அவள் உம்மா ஜெய்னம்பு லாத்தா பள்ளிக்கு வந்துவிட்டார். வாப்பா சவூதியிலிருந்து போன் செய்து முடிவு சொல்லியிருந்தார். ஹிப்ளு முடியட்டும், பத்தாவதைப் பிறகு தனியாக எழுதிக்கொள்ளலாம். ஹாஜியாரும் அதுதான் சரி என்று தலையசைத்துக்கொண்டிருந்தார். சுபைதா வெளி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றாள்.

டீச்சர் உள்ளே வந்து ஜெய்னம்பு லாத்தாவின் எதிரே உட்கார்ந்தார். லாத்தா அவரை உற்றுப் பார்த்தார்.

"உங்க மொகம் எங்கயோ பாத்த மாதிரி இருக்கே. எங்க வீட்டுக்கு எறா கொண்டாருமே தைலம்மா, அது மவளா நீங்க?"

"ஆமாங்க. உங்க உம்மா பேரம் பேச ஆரம்பிச்சா கூடையத் தூக்க வுட மாட்டாங்கன்னு எங்கம்மா இன்னும் சொல்லும்."

லாத்தா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். "தைலம்மா மட்டும் என்னவாம். அது வெல சொன்னா எறங்கவே எறங்காது."

"நானும் எறங்க மாட்டேங்க. அதான் வந்திருக்கேன்." டீச்சர் திருப்புதல் தேர்வுத் தாளை மேசையில் வைத்தார். "அரையாண்டுல கேக்காத கணக்கா எழுதுனா. இப்ப பாருங்க, கேட்ட கணக்கத்தான் எழுதியிருக்கா. நேரம் பத்தல, அவ்வளவுதான். தப்பான ரோட்டுல போறவளத் திருப்புறதுதான் கஷ்டம். சரியான ரோட்டுல மெதுவா போறவள வேகமா நடக்க வெக்கறது சுலபம். இந்த நெலமைல பிள்ளையக் கொண்டு போயிடாதீங்க."

"அவுங்க வாப்பா ஓதுறது கெட்டுடும்னு பயப்படுறாங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பொதுவாக இந்த மாதிரி இடங்களில் பேசுபவள் இல்லை. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன். "ஓதுறதுல முன்னவிட இப்பதான் சறுக்கல் கம்மி லாத்தா. காலைல நீங்களே வந்து கேட்டுப் பாருங்க."

லாத்தா அடுத்த நாள் காலை வந்தார். மகள் ஓதுவதை அறைக்கு வெளியே நின்று கடைசி வரை கேட்டார். என் கை மேசைக்குப் போகவே இல்லை. அங்கேயே நின்று போனில் சவூதிக்குப் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வரும்போது, "ரெண்டும் நடக்கட்டும்னு சொல்லிட்டாங்க" என்றார். ஹாஜியார் மட்டும், "இனிமே பலகைக்கு நான் பெயிண்ட் அடிக்கிறதா வேணாமான்னு டீச்சரம்மாதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் பொதுத்தேர்வு நோன்பு மாதத்தில் வந்தது. பிள்ளைகள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, அதிகாலை பஜ்ர் தொழுது, மாடிக்கு வந்து ஓதிவிட்டு, நோன்போடு போய்ப் பரீட்சை எழுதினார்கள். டீச்சர் அந்த மாதம் முழுவதும் பள்ளியில் தண்ணீர் பாட்டிலைக்கூட மேசைமேல் வைக்கவில்லை. யாரும் அவரை அப்படிக் கேட்கவில்லை. 'நீங்க குடிங்க டீச்சர்' என்று நான் ஒருநாள் சொன்னபோது, "பிள்ளைங்க முன்னாடி எப்படிக் குடிக்கிறது? ரயில்ல குடிச்சுக்குறேன்" என்றார்.

முடிவுகள் வந்த அன்று ஐந்து பேரும் தேறியிருந்தார்கள். சுபைதா கணக்கில் எழுபதைத் தாண்டியிருந்தாள். ஹாஜியார் பலகைக்குப் புது வண்ணம் பூசவைத்ததோடு, கூட்டுப் படிப்புப் பிரிவு நிரந்தரமாக நடக்கும் என்று நிர்வாகக் குழுவில் எழுதவைத்தார். அடுத்த வருடத்துக்கு அந்தப் பிரிவில் சேரக் கேட்டு வந்தவர்கள் பள்ளி வாசலில் நின்றார்கள். கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும்கூட வந்திருந்தார்கள். சுபைதா இப்போது பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு எடுத்திருக்கிறாள். குர்ஆன் முழுவதையும் முடித்து ஹாபிளா பட்டமும் வாங்கிவிட்டாள். பட்டமளிப்பு அன்று அவள் முதலில் கைகொடுத்து முஸாபஹா செய்யப் போனது என்னிடம் இல்லை, இசைவாணி டீச்சரிடம். எனக்கு அதில் துளி வருத்தம்கூட இல்லை. நான் அரபியிலும் தமிழிலும் படித்தவள். இரண்டு படிப்பும் என்னிடம் இரண்டு பெட்டியாகவே இருந்தன. ஒன்றைத் திறக்கும்போது மற்றதை மூடிவைப்பேன். ஒன்றின் சாவி மற்றதற்கும் பொருந்தும் என்று ஒரு பாயின் கடைசியில் உட்கார்ந்து பார்த்துக் கண்டவர் அவர்.

அவரைப் பற்றி யாராவது கேட்டால் அந்த வெற்றிச் செய்தியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது கணக்குத் தேர்வுக்கு முந்தின மாலை. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்தார்கள். நான் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். ரயிலை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"நாளைக்குக் காலைல பிள்ளைங்களுக்கு லீவு விட்டுட்டீங்களாமே?"

"கணக்கு பரீட்சையாச்சே டீச்சர். ஒருநாள் ஓதாட்டி பரவாயில்ல, காலைல கணக்கு பாக்கட்டும்னு நான்தான் சொன்னேன். வீட்டுலயும் அதான் கேட்டாங்க."

"வேணாம் ஆலிமா." என் கையிலிருந்த சாவியின்மேல் அவர் கையை வைத்தார். "எனக்காக ஒண்ணு செய்யுங்க. நாளைக்கும் வரச் சொல்லுங்க. கணக்கு புஸ்தகத்த வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க. எப்பவும்போல உங்க முன்னாடி உக்காந்து ஓதிட்டு, அந்தக் காதோட அப்படியே பரீட்சைக்குப் போவட்டும்."